மின்னை அளத்தலும் மின்கலத்தைக் காத்தலும்

புத்தளம் கடற்கரையோரத்திலுள்ள அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர் நான். கலைப் பட்டதாரி. இலக்கியமும் வரலாறும் கற்றவன் மின்சாரத்தைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று நீங்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. சென்ற தவணையில் எட்டாந் தரத்து மாணவன் ஒருவன், கையடக்கத் தொலைபேசியிலிருந்து கழற்றிய மின்கலம் ஒன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்திருந்தான். அது பணியாரம் போல உப்பியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில், கவராயத்தின் கூர்முனையால் அதைக் குத்துவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். ஆசிரியை ஒருவர் தக்க வேளையில் கண்டு தடுத்தார். அந்த மின்கலத்தை மணல் நிரப்பிய வாளியில் இட்டுத் திறந்த வெளியில் வைத்தோம். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நிகழ்ந்த சம்பவம் ஒன்று நினைவில் எழுந்தது. அதைச் சொல்லியே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர், கடலுக்கும் புத்தளம் களப்புக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தில் உள்ளது. 1982 ஆம் ஆண்டில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. ஆனால் சிறிது காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. மோட்டார் வாகனங்களில் பூட்டும் 12 வோல்ற்றுப் பற்றரியே அதற்கு உயிர் கொடுத்தது. என் தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் ஊரே கூடியிருந்து படம் பார்க்கும். பற்றரி இறங்கிவிட்டால் அதைச் சைக்கிளின் பின்புறத்தில் கட்டி, நகரத்திலுள்ள சார்ஜ் போடும் கடைக்குக் கொண்டுசெல்வது என் வேலை. கடைக்காரர் நுனியில் இறப்பர்க் குமிழ் பூட்டிய கண்ணாடிக் குழல் ஒன்றைப் பற்றரியின் வாயினுள் விட்டு அமிலத்தை உறிஞ்சுவார். குழலுக்குள்ளே சிறு மிதவை ஒன்று எழும் அல்லது தாழும். அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, பற்றரிக்கு வாய் பேச வராது, இந்தக் குழல்தான் அதுக்காகப் பேசும்" என்பார்.

அந்தக் குழலின் பெயர் நீரமானி என்பதைப் பின்னரே அறிந்தேன். எங்கள் மாவட்டத்து உப்பளங்களில் வேலை செய்வோருக்கு அது புதிதன்று. உவர்நீர் எவ்வளவு தடித்திருக்கிறது, உப்பு விளையும் பதம் வந்துவிட்டதா என்று அறிய அவர்களும் இத்தகைய மிதவையையே நீரில் விட்டுப் பார்க்கிறார்கள். பற்றரிக்குள்ளிருக்கும் சல்பூரிக்கமிலக் கரைசல், மின் நிறைந்திருக்கும்போது கனமாகவும் மின் குறையும்போது இலேசாகவும் இருக்கும். நிறைந்த நிலையில் அதன் அடர்த்தி நீரைப்போல ஏறக்குறைய 1.27 மடங்கு. மின்னை வெளியிட வெளியிட அமிலம் ஈயத்தகடுகளோடு சேர்ந்துவிட, கரைசலில் நீர் மிகும், மிதவை தாழும்.

மாமாவிடம் நீரமானி இல்லை. ஒரு நாள், கடைக்குச் சென்று வரும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, சிறிய மின்னாக்கி ஒன்றை இரவல் வாங்கி வீட்டிலேயே பற்றரிக்கு மின்னேற்றினார். இருட்டிவிட்டது. நீர் மட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக மூடியைத் திறந்து, தீக்குச்சியைக் கிழித்து அருகே பிடித்தார். துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. பற்றரியின் மேற்பகுதி சிதறி, அமிலம் அவர் முகத்தில் தெறித்தது. என் பாட்டி ஒரு கணமும் தயங்காமல் கிணற்றடிக்கு அவரை இழுத்துச் சென்று, பட்டை பட்டையாக நீரை இறைத்து முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார். அந்த நீரே இடது கண்ணைக் காப்பாற்றியது. வலது கண்ணின் பார்வை போனது போனதுதான்.

நடந்தது இதுதான். மின்னேற்றம் நிறைவடையும் தறுவாயில், மிகுதியான மின்னோட்டம் பற்றரியிலுள்ள நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிடுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் கலந்தாலே தீப்பொறி பட்டதும் அது பற்றிக்கொள்ளும். அவ்வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

நேயர்களே, என் மாமா மூடர் அல்லர். கடலின் நிறத்தைக் கண்டே மீன் கூட்டத்தை அறிந்துரைக்கும் ஆற்றல் பெற்றவர். அவர் அறிய விரும்பியது ஓர் அளவு. அதனை அறிவதற்கு அவர் கையில் கிடைத்த கருவியோ தீக்குச்சி. மின்கலத்தைக் காப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த சாதனங்கள் பலவற்றை ஆராய்ந்தால், அவற்றின் உள்ளே ஓர் அளவுகோல் ஒளிந்திருப்பதைக் காணலாம். அளக்கக் கற்ற பின்னரே மனிதன் காக்கக் கற்றான். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

மின்னை அளக்கக் கருவியில்லாத காலத்தில் அறிஞர் தம் உடலையே கருவியாக்கினர். இங்கிலாந்தில் வாழ்ந்த ஹென்றி கவெண்டிஷ், 1770 களில் உப்பு நீர் மின்னை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது, நன்னீர் எவ்வளவு கடத்துகிறது என்று ஒப்பிட விரும்பினார். கண்ணாடிக் குழாய்களில் அவற்றை நிரப்பி, அவற்றினூடே மின்னைச் செலுத்தி, அதைத் தம் உடலிலும் வாங்கிக்கொண்டு, எந்த அதிர்ச்சி வலியது, எது மெலியது என்று குறித்துவைத்தார். அவர் குறிப்புகளை ஏறத்தாழ நூறாண்டுகளின் பின், 1879 இல், மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் வெளியிட்டபோது, அவ்வளவைகள் வியக்கத்தக்க வகையில் சரியாக இருந்தமை தெரியவந்தது. மின்னதிர்ச்சி தரும் திருக்கை மீனின் செயற்கை உருவம் ஒன்றைச் செய்து, அதனை உப்பு நீரிலிட்டு ஆராய்ந்தவரும் இவரே. அத்தகைய திருக்கை வலையில் அகப்பட்டுக் கை உதறிய அனுபவம் நம் மீனவர் சிலருக்கும் உண்டு.

1800 ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ற்றா முதலாவது மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1820 இல் டென்மார்க் நாட்டு ஏர்ஸ்ரெட், மின்னோடும் கம்பியின் அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டார். அதே ஆண்டில் ஜேர்மானியரான சுவைகர், கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றினால் முள்ளின் திருப்பம் பெருகும் என்று காட்டினார். கல்வனோமானி பிறந்தது. அதன்பின் மின்னை அறிவதற்கு மனித உடல் துடிக்க வேண்டியிருக்கவில்லை. முள் துடித்தால் போதுமானதாயிற்று.

இவ்வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ஜோர்ஜ் ஓம். அவர் கொலோன் நகரத்துப் பாடசாலை ஆசிரியர். அக்காலத்து மின்கலங்களின் வலிமை நிமிடத்துக்கு நிமிடம் மாறியதால், அவற்றை வைத்துச் செய்த அளவைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே அவர் இரு உலோகங்களின் சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்விசையைப் பெற்றார். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை அதன் வழியே கண்டு, 1827 இல் நூலாக வெளியிட்டார். நாட்டவர் அதை மதிக்கவில்லை. அவர் தம் ஆசிரியப் பதவியை விட்டு விலகினார். 1841 இல் இலண்டன் றோயல் சங்கம் பதக்கமளித்துப் போற்றிய பின்னரே அவர் பெருமை பரவிற்று. இன்று எம் பிள்ளைகள் பத்தாந் தரத்துக்கு வருமுன்னரே அவர் பெயரை உச்சரிக்கிறார்கள்.

அளவறியாத வலிமை என்ன செய்யும் என்பதற்கு வரலாறு ஒரு பெரும் சான்றை வைத்திருக்கிறது. 1858 ஆகத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே முதன்முதலாகத் தந்திக் கம்பி இடப்பட்டது. மறுகரையில் வந்து சேரும் மின்னோ மிக மெலிந்தது. வில்லியம் தொம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், சின்னஞ்சிறு காந்தங்களை ஒரு சிறு கண்ணாடியில் ஒட்டித் தொங்கவிட்டு, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளியின் அசைவைக் கொண்டு அந்த மெல்லிய மின்னையும் அறியும் கருவியை அமைத்தார். கம்பனியின் மின்னியலாளர் வைற்ஹவுஸ் என்பவரோ, மின்னழுத்தத்தைக் கூட்டினால் செய்தி தெளிவாகும் என்று எண்ணி, ஏறக்குறைய 2000 வோல்ற்று அழுத்தத்தைக் கம்பிக்குள் செலுத்தினார். முன்னரே பழுதுற்றிருந்த கம்பியின் காப்புறை மேலும் கெட்டது. பெரும் பொருட்செலவில் இட்ட கம்பி சில வாரங்களில் ஊமையாயிற்று. கூர்மையாகக் கேட்கத் தெரிந்தவர் மெதுவாகப் பேசினாலே போதும் என்பதைத் தொம்சனின் கருவி உணர்த்தியது. 1866 இல் நிலைத்து நின்ற கம்பி இடப்பட்டபோது அந்த வழியே பின்பற்றப்பட்டது. 1888 இல் எட்வேர்ட் வெஸ்ரன் கையில் எடுத்துச் செல்லத்தக்க திருத்தமான மானியை உருவாக்கினார். 1893 இல் அவர் அமைத்த கலம், 20 பாகை வெப்பத்தில் 1.0183 வோல்ற்று என்ற அளவை மாறாமல் தந்து, நெடுங்காலம் உலகத்துக்கே வோல்ற்றின் படிக்கல்லாக விளங்கிற்று.

இனி மின்கலத்துக்கு வருவோம். திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய ஈயப் பற்றரியை 1859 இல் பிரான்ஸ் நாட்டு கஸ்ரன் பிளாந்தே கண்டுபிடித்தார். என் மாமாவின் கண்ணைப் பறித்த வாயுவை அடக்குவதற்கு அதன்பின் பல உபாயங்கள் தோன்றின. இக்காலப் பற்றரிகள் பலவற்றில் வாயு வெளியேறும் துவாரத்தில் நுண்துளைகள் கொண்ட ஒரு வில்லை வைக்கப்பட்டிருக்கிறது. வாயு வெளியே செல்லலாம். வெளியிலுள்ள சுவாலை உள்ளே நுழைய முடியாது. துளைகளின் குறுகிய சுவர்கள் சுவாலையின் வெப்பத்தை உறிஞ்சி அதை அணைத்துவிடுகின்றன. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைக் காக்க 1815 இல் ஹம்பிறி டேவி கம்பிவலை விளக்கை அமைத்தாரே, அதே தத்துவம்தான் இது. பிற்காலத்து மூடிய பற்றரிகளில், உண்டாகும் ஒட்சிசன் மறுதகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடுகிறது. ஆயினும் அளவுக்கு மீறி மின்னேற்றினால் அவையும் வாயுவை வெளிவிடும்.

இன்று நம் சட்டைப் பையில் இருப்பது வேறு இனம். இலிதியம் அயன் மின்கலம். 1970 களில் விற்றிங்ஹாம் என்னும் விஞ்ஞானி இலிதிய உலோகத்தைக் கொண்டு மின்கலம் அமைத்தார். மின்னேற்றுந்தோறும் அவ்வுலோகம் ஊசி ஊசியாக வளர்ந்து, இடையிலுள்ள தடுப்பைத் துளைத்து, தீ மூட்டும் குறையுடையதாயிருந்தது. 1980 இல் ஜோன் குடினஃப் சிறந்த நேர்மின்வாய்ப் பொருள் ஒன்றைக் கண்டார். 1985 இல் ஜப்பானியரான அகிரா யொஷினோ, இலிதிய உலோகத்தை நீக்கிக் கரிப்பொருளை அவ்விடத்தில் வைத்தார். அடுத்த ஆண்டில் மின்கலங்களின் மேல் இரும்புப் பாளத்தை விழச்செய்து பரிசோதித்தார். இலிதிய உலோகம் கொண்ட மின்கலம் தீப்பற்றியது. அவருடைய மின்கலம் பற்றவில்லை. அந்த வேளையே தம் மின்கலம் பிறந்த வேளை என்று அவர் பின்னாளில் கருதினார். இம்மூவருக்கும் 2019 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் அபாயம் முற்றாக நீங்கவில்லை. இவ்வகைக் கலத்தினுள்ளே எரியக்கூடிய திரவம் இருக்கிறது. மிகச் சூடேறினால், கோபாற்று சேர்ந்த நேர்மின்வாய் தானே ஒட்சிசனை வெளிவிடுகிறது. விறகும் காற்றும் ஒரே அறையில் பூட்டப்பட்டிருப்பதால், போர்வையால் மூடி அத்தீயை அணைக்க இயலாது. ஆகவே மூன்று காவலர்களை நிறுத்தினர். முதலாவது, பொலித்தீன் இனத்தைச் சேர்ந்த நுண்துளைத் தடுப்பு. ஏறத்தாழ 130 பாகை வெப்பத்தில் அதன் துளைகள் உருகி அடைபட்டு, மின்னோட்டம் நின்றுவிடும். இரண்டாவது, அழுத்தம் மிகும்போது திறந்து வழிவிடும் வாயில். மூன்றாவதே தலையாய காவலன்: கலத்தின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் வெப்பத்தையும் இடைவிடாது அளந்து, எல்லை மீறியதும் இணைப்பைத் துண்டிக்கும் சிறு மின்சுற்று. ஏர்ஸ்ரெட் கண்ட முள்ளும் ஓம் வகுத்த விதியும் அரிசிமணியளவு சில்லுக்குள் அடங்கிக் காவல் புரிகின்றன என்று சொல்லலாம்.

இங்கே ஓர் அதிபரின் உதாரணத்தைப் பொறுத்தருளுக. நான்கு கலங்களை வரிசையாக இணைத்தால், ஒவ்வொன்றுக்கும் உச்ச எல்லை 4.2 வோல்ற்று, மொத்தம் 16.8. மொத்தத்தை மட்டும் அளப்பவன் 16.8 ஐக் கண்டு திருப்தியடைவான். ஆனால் மூன்று கலங்கள் 4.1 இலும் ஒன்று 4.5 இலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதுவே. அந்த ஒன்றுதான் வீட்டைக் கொளுத்தும். வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்து மகிழும் ஆசிரியர், பின்வாங்கில் இடர்ப்படும் ஒரு பிள்ளையைக் காணத் தவறுவதில்லையா? நல்ல காப்புச் சுற்று ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளக்கிறது. மலிவாகக் கட்டி விற்கப்படும் பொதிகள் சிலவற்றில் விடுபட்டுப்போவது அச்சுற்றேயாகும்.

கலத்தின் பொருளையே பாதுகாப்பானதாக மாற்றும் முயற்சியில் தமிழர் ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் 1951 இல் பிறந்து, மதுரையிலும் சென்னையிலும் பயின்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம், குடினஃபுடன் இணைந்து 1980 களின் பிற்பகுதியில் புதிய நேர்மின்வாய்ப் பொருள் இனம் ஒன்றை ஆராய்ந்தார். அந்த வழியில் 1990 களில் குடினஃபின் ஆய்வுகூடத்தில் தோன்றியதே இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலம். அதில் ஒட்சிசன் பொசுபரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் இலகுவில் வெளிப்படாது. வீட்டுச் சூரிய மின் சேமிப்புக்கு இன்று பெரிதும் விரும்பப்படுவது இதுவே. 2019 இல் முதிய குடினஃபுக்குப் பதிலாக நோபல் விரிவுரையை நிகழ்த்தியவரும் மந்திரம் அவர்களே.

இவ்வறிவெல்லாம் இருந்தும் உயிர்கள் போயின. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்ற வைத்திருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சடைத்துத் தந்தையும் மகளும் மாண்டனர். அவ்வாண்டில் இந்தியாவின் பல இடங்களில் இத்தகைய தீவிபத்துகள் நேர்ந்தமையால், இந்திய அரசு மின்கல விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசெம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தியது.

நம் கரைக்கும் இது தொலைவிலுள்ள செய்தியன்று. நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று அனல் மின்நிலையம் இருக்கிறது. கற்பிட்டிப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றுபோயின. வெயிலும் காற்றும் தரும் மின்னைச் சேமித்துவைக்கப் பெரிய மின்கல நிலையங்கள் வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுப்பெற்றது. வீடுகளிலும் மீனவர் வாடிகளிலும் சூரியத் தகடும் பற்றரியும் வந்துவிட்டன; படகு விளக்கும் மின்கலத்தால் எரிகிறது. மின்கலங்கள் பெருகிய வேகத்தில் அவற்றை அளந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் பெருகவில்லை.

ஆதலால் சில வார்த்தைகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஈயப் பற்றரியின் அருகே நெருப்பையும் புகைக்கும் சுருட்டையும் கொண்டுசெல்லாதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து மின்னேற்றுங்கள். கவ்விகளைப் பூட்டிய பின்னரே ஆளியைப் போடுங்கள். ஆளியை நிறுத்திய பின்னரே கவ்விகளைக் கழற்றுங்கள். நம் கிணற்று நீரில் உப்புண்டு. காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். கடற்காற்றில் பூத்துப்போகும் முனைகளைத் துடைத்து வசிலீன் பூசுங்கள். அமிலம் கண்ணில் பட்டால் உடனே நீரால், குறைந்தது கால் மணி நேரம், கழுவிக்கொண்டேயிருந்து, பின் மருத்துவரிடம் செல்லுங்கள். இலிதிய மின்கலம் உப்பிவிட்டால் மின்னேற்றவோ குத்தவோ வேண்டாம். தலையணையின் கீழும், வாசலை மறிக்கும் இடத்திலும் வைத்து மின்னேற்ற வேண்டாம். கடல்நீரில் மூழ்கிய மின்கலம் சில நாட்கள் கழித்தும் தீப்பற்றலாம். 2022 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் புயல் வெள்ளத்தில் நனைந்த மின்வாகனங்கள் அவ்வாறு எரிந்தன. அத்தகையதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

விபத்துக்குப் பின் மாமா நீரமானி ஒன்றை வாங்கி, வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவைத்தார். ஊரில் யாருடைய பற்றரியானாலும் அவரிடம் வரும். எஞ்சிய ஒற்றைக் கண்ணால் மிதவையைப் பார்த்து நிலைமையைச் சொல்வார். ஒருவரிடமும் அதற்குக் காசு வாங்கியதில்லை. அவர் காலமான பின் அந்தக் குழல் என்னிடம் வந்தது. இப்போது அது எங்கள் பாடசாலை விஞ்ஞானகூடத்து அலுமாரியில் இருக்கிறது.

உப்பிய மின்கலத்தைக் கொண்டுவந்த மாணவனை நான் தண்டிக்கவில்லை. "உள்ளே என்ன இருக்கிறது?" என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. என் மாமா கேட்டதும் அதே கேள்விதான். விஞ்ஞான ஆசிரியை அவன் கையிலிருந்த கவராயத்தை வாங்கிக்கொண்டு, பல்மானி ஒன்றைக் கொடுத்தார். அன்று முதல் அவன், வகுப்பிலுள்ள ரோச் விளக்குக் கலங்களின் அழுத்தத்தை வாரந்தோறும் அளந்து அப்பியாசக் கொப்பியில் எழுதி வருகிறான். உங்கள் பிள்ளையும் அக்கேள்வியைக் கேட்பான். அவன் கையில் கூர்முனையோ தீக்குச்சியோ அகப்படுவதற்கு முன், அளவுகோல் ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.